ஆறு பத்து ரயில் மாதிரி

ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஒரு மைதானம் நிறைய ஆட்களிடம் "அது ரயில் இல்லை" என்று சொல்லி நம்பவைக்க வேண்டிய வேலை எனக்கு வந்தது. கையில் இருந்த நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. நாற்பது பேர், என்னோடு நாற்பத்தொன்று. அவர்களில் ஒருவர்கூட என் பேச்சை நம்பத் தயாராக இல்லை. அதற்குக் காரணமும் நானேதான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆர்லிஸ் உன்ரூ. கான்சஸில் மெர்வின் என்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஊரில் நாற்பத்திரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் என்னிடம் உவமை படித்தவர்கள். படித்தார்கள் என்றால், பரீட்சை எழுதினார்கள்.

'மாதிரி' என்று வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொப்பி போட்டிருந்தால் ஆண், போடாவிட்டால் பெண் என்று சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. என் வகுப்பில் உவமை எழுதினால் அதன் கீழே ஒரு கோடு போட்டு, 'பொருந்தாத இடம்' என்று தலைப்பிட்டு, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பாதி மதிப்பெண் போச்சு. 'அப்பாவின் குறட்டை டிராக்டர் மாதிரி' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பொருந்தாத இடம்: 'அம்மா உதைத்தால் டிராக்டர் நிற்காது.' அவளுக்கு முழு மதிப்பெண்.

உவமை சொல்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரியும். தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். உருவகம் சொல்கிறவர் அந்தப் பொருந்தாத இடத்தை மறந்துவிடு, இரண்டும் ஒன்றுதான் என்று நம்பு என்கிறார். பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் அது தேவை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி மறந்துவிட முடியாது. இதுதான் நான் சொல்லிக்கொடுப்பது, இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இந்தப் பாடத்தில் கடைசிவரை என்னோடு மல்லுக்கு நின்றவன் டாயில் ஷ்ராக். என் முதல் வருடத்து மாணவன். பதினோரு வயதில் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, "டீச்சர், ரெண்டும் ஒண்ணுதானே? ஒண்ணுல சோம்பேறித்தனமா 'மாதிரி'ய விட்டுட்டாங்க, அவ்வளவுதான்" என்றான். நான் மதிப்பெண்ணில் சுழி போட்டேன். அதை அவன் இன்னும் மறக்கவில்லை. இப்போது ஊர்க் கோதுமைக் கிடங்குக்கு அவன்தான் மேலாளர். புதன்கிழமைகளில் சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு அம்பயர்.

இனி என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன்.

வசந்தகாலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வானத்தை நம்ப முடியாது. ஷெரிஃப் அலுவலகத்துக்காக வானம் பார்க்கும் தொண்டர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். அழுத்திப் பேச ஆளுக்கொரு சிறிய ரேடியோ. புயல் மேகம் கூடினால் ஆளுக்கொரு சாலை முனையில் காரை நிறுத்திக்கொண்டு, கண்ணில் பட்டதை அலுவலகத்தில் இருக்கும் நடீனுக்குச் சொல்ல வேண்டும். டொர்னேடோ என்கிற சுழல்காற்று தரையைத் தொடுவதற்கு முன், மேகத்தின் அடியிலிருந்து புனல் வடிவில்தான் இறங்கும். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். புனல் மாதிரி தெரிந்தால் 'புனல் மாதிரி' என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு நிமிடம் நின்று பாருங்கள், சுழல்கிறதா என்று. சுழன்றால் மட்டும் 'புனல்' என்று சொல்லுங்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, இதை எனக்குச் சொல்ல வந்துவிட்டாரா என்று சிரித்துக்கொண்டேன்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வடக்குச் சாலையில் நின்றிருந்தேன். மேகத்தின் அடியிலிருந்து ஒரு நீளமான கிழிசல் தொங்கியது. கூம்பாக, கீழே குறுகி, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அந்த வருடத்தில் முதலில் பார்த்தவள் நானாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. வெறும் ஆசை. ரேடியோவை அழுத்தி, "நடீன், புனல்! புனல் இறங்கிடுச்சு!" என்றேன்.

முப்பத்தோரு வருடம் கற்பித்த 'மாதிரி'யை மூன்று நொடியில் விழுங்கிவிட்டேன்.

சைரன் ஊதியது. அன்றைக்கு மெதடிஸ்ட் சர்ச்சில் டாயிலின் மகளுக்குக் கல்யாணம். நூற்றிருபது பேர் சர்ச்சின் நிலவறைக்குள் ஓடினார்கள். மூன்றடுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் படியில் சறுக்க, கேக்கு முழுவதும் மாப்பிள்ளையின் அம்மா மேல். மணப்பெண்ணின் முகத்திரை கதவில் மாட்டிக் கிழிந்தது. மேலே வானத்தில் அந்தக் கிழிசல் மேகம் இரண்டாகப் பிரிந்து, ஒன்றும் தெரியாத சாதுவாய்க் கிழக்கே போய்விட்டது. சுழலவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு 'மிஸஸ் புனல்' என்று பெயர். கடைத்தெருவில், சர்ச்சில், தபால் நிலையத்தில், எங்கே போனாலும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஷெரிஃப் ஒரு புது விதி போட்டார்: இனிமேல் இரண்டு பேர் பார்த்துச் சொன்னால்தான் சைரன். ஒருவர் சொன்னால் கிடையாது. அந்த ஒருவர் யார் என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. வெட்கம்.

மே மாதம் கடைசிப் புதன்கிழமை. கிடங்கு ஆட்களுக்கும் டயர் கடை ஆட்களுக்கும் ஆட்டம். மைதானம் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது, எதிர்ப்பக்கம் தெருவைத் தாண்டினால் சர்ச். நான் இருக்கையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன், ரேடியோ மடியில். மத்தியானத்திலிருந்தே வானிலை அலுவலகம் கவனமாக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. மேற்கே மழை திரை போட்டதுபோல் இறங்கி, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. வெளிச்சம் ஒரு மாதிரி பச்சையாக இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் மே மாதத்தில் அதற்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள்.

ரயிலுக்கு மட்டும் நிறுத்துவார்கள். தினமும் ஆறு பத்துக்கு மேற்கிலிருந்து ஒரு சரக்கு ரயில் ஊரைக் கடக்கும். அது போகும்போது அம்பயர் கத்துவது யாருக்கும் கேட்காது. அதனால் எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம். சத்தம் கேட்டதும் டாயில் கையைத் தூக்குவான். மட்டைக்காரர் மட்டையை ஊன்றி நிற்பார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்துப் பக்கம் திரும்பி நிற்பார்கள். குழந்தைகள் பெட்டிகளை எண்ணுவார்கள். கடைசிப் பெட்டி போனதும் டாயில் கையை இறக்குவான், ஆட்டம் தொடரும்.

அன்றைக்கும் சத்தம் வந்தது. தொலைவில், கனமாக, பெஞ்சுப் பலகை அதிர. டாயில் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு ஏழு. கையைத் தூக்கினான். எல்லோரும் திரும்பி நின்றார்கள்.

நானும் திரும்பினேன். பழக்கம்தானே. பிறகு ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. டொர்னேடோ வரும்போது ரயில் மாதிரி சத்தம் கேட்கும் என்று இந்த மாநிலத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் இருபது மாணவர்களாவது அதையே எழுதிக் கொண்டுவந்து என் உயிரை எடுப்பார்கள். தேய்ந்துபோன உவமை, வேறு எழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். தேய்ந்துபோனதால் அது பொய்யாகிவிடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ரேடியோவை அழுத்தினேன்.

"நடீன், ஆர்லிஸ் பேசுறேன். மைதானத்துல இருக்கேன். தென்மேற்கிலிருந்து சத்தம் வருது. ரயில் மாதிரி."

"ஆறு பத்து ரயிலா இருக்கும்டி. மணி அதுதானே?"

"ரயில் மாதிரி இருக்கு. ரயில் இல்ல."

"எதையாவது பார்த்தியா?"

இதோ அந்த இடம். 'பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நடீன் என்ன செய்வாள் என்று யோசித்தேன். ஆனால் நான் பார்க்கவில்லை. மழையைத்தான் பார்த்தேன்.

"பார்க்கல. மழை மறைக்குது."

"அப்ப நான் என்னடி பண்றது? இன்னொருத்தர் சொல்லாம சைரன்ல கை வைக்கக்கூடாதுன்னு ஷெரிஃப் கழுத்துல கத்தி வச்சிருக்காரு. ரெண்டாவது ஆள் யாராவது இருக்காங்களா?"

இருக்கையிலிருந்து எழுந்தேன். ஸ்கோர் புத்தகம் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. மைதானத்துக்குள் நேராக நடந்தேன். ஆட்டம் நடக்கும் மைதானத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

டாயில் அம்பயர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். உரக்கச் சொன்னான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"பாருங்கய்யா, மிஸஸ் புனல் கிரவுண்டுக்கே வந்துட்டாங்க! என்ன டீச்சர், இன்னிக்கு எந்த மேகம் கிழிஞ்சிருக்கு? சொல்லுங்க, கல்யாணக் கேக்கை எடுத்து முன்னாடியே ஃபிரிஜ்ஜுல வச்சுடறேன்."

சிரித்தார்கள். டயர் கடைப் பையன்களில் ஒருவன் தொப்பியைத் தலைகீழாகப் பிடித்து, "புனல், புனல்" என்று ஆட்டிக் காட்டினான். எனக்குக் காது சூடானது. ஆனால் வெட்கப்பட நேரம் இல்லை. வெட்கத்தை ஏப்ரலிலேயே பட்டு முடித்திருந்தேன்.

"டாயில், எல்லாரையும் சர்ச்சுக்குக் கீழ கூட்டிட்டுப் போ."

"ரயிலுக்கு பயந்தா?"

"இது ரயில் இல்ல."

"டீச்சர், நாப்பது வருஷமா தண்டவாளத்துக்குப் பக்கத்துல படுத்துத் தூங்குறேன். எனக்கு ரயில் தெரியாதா?"

"உன்ன விட்டா வேற யாருக்குத் தெரியும்? அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன். கோடு போடு. கீழ எழுது. பொருந்தாத இடம் எது?"

"என்ன டீச்சர், இப்பப் போய்ப் பாடம்…"

"அன்னிக்குச் சுழி வாங்கினே. இன்னிக்கு ஒழுங்கா பதில் சொல்லு. இந்தச் சத்தத்துல எது இல்ல?"

எரிச்சலோடு தண்டவாளத்துப் பக்கம் திரும்பினான். நல்லவேளை, அந்தப் பழக்கத்தால் சிரிப்பு அடங்கி எல்லோரும் மறுபடி வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. டாயில் தலையைச் சாய்த்தான். மில் தெருவில் தண்டவாளம் சாலையைக் கடக்கிறது. எந்த ரயிலும் அதற்குக் கால் மைல் முன்பிருந்தே ஹாரன் அடித்தாக வேண்டும்: இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். டாயில் தினமும் ஆறு பத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறவரைக் 'கொஞ்சம் இருங்க' என்று நிறுத்திவைப்பது அந்த ஹாரனுக்காகத்தான். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்ட ரயில் இதற்குள் இரண்டு தடவையாவது அடித்திருக்க வேண்டும்.

அவன் முகம் மாறுவதைப் பார்த்தேன். கோபம் போய், சந்தேகம் வந்து, அதுவும் போய், பதினோரு வயதுப் பையனின் முகம் ஆகிவிட்டது.

"ஹாரன்," என்றான் மெதுவாக. "டீச்சர், ஹாரன் அடிக்கல."

"ஆமா."

முகமூடியைக் கழற்றித் தரையில் அடித்தான். பிறகு அவன் தொண்டையிலிருந்து வந்த குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"சர்ச்சு! எல்லாரும் சர்ச்சுக்குக் கீழ! பைய விடு, மட்டைய விடு, ஓடுங்கடா! டேய், தொப்பி ஆட்டினவனே, பெஞ்சுல இருக்கிற ஜஸ்டினோட வயசான அம்மாவத் தூக்கு, அவங்களால ஓட முடியாது! தூக்குடா!"

நான் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நகர்ந்திருப்பார்கள். அவன் சொன்னதால் எல்லோரும் ஓடினார்கள். இதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

சர்ச் வாசலில் டாயில் நின்றுகொண்டு ஒவ்வொருவராய் முதுகில் தட்டி உள்ளே தள்ளினான். கடைசியில் நானும் அவனும்தான் படியில். திரும்பிப் பார்த்தேன். மழைத்திரை ஓரமாக விலகியது. கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் அது நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது தப்பு, வந்துகொண்டிருந்தது. அகலமாக, கறுப்பாக, அடியில் யாருடைய வேலியோ கூரையோ சுழன்றுகொண்டு. எப்படி இருந்தது என்று பிறகு பல பேர் கேட்டார்கள். எதைப் போலவும் இல்லை. என் வாழ்க்கையில் உவமை கிடைக்காமல் போன ஒரே பொருள் அதுதான்.

ரேடியோவை அழுத்தினேன். "நடீன், டொர்னேடோ. தரையில இருக்கு. கிடங்குக்குப் பின்னால, ஊருக்குள்ள வருது."

"டொர்னேடோ மாதிரியா, ஆர்லிஸ்? யோசிச்சுச் சொல்லு."

"மாதிரி இல்ல. அதுவேதான்."

டாயில் என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினான். "நடீனக்கா, ரெண்டாவது ஆள் கேட்டீங்களே, நான் இருக்கேன். டாயில் ஷ்ராக். என் கண்ணால பாக்குறேன். ஊதுங்க!"

சைரன் ஊதியது. படியில் இறங்கும்போது அது எங்களுக்குப் பின்னால் முழு ஊருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை.

நிலவறையில் விளக்கு போய்விட்டது. யாரோ பைபிள் சங்கீதம் சொன்னார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், இரண்டும் ஒரே குரலில் கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம். காது அடைத்தது. மேலே ஏதோ விழுந்து உருண்டது. நான் இருட்டில் தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று. டாயில் என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும்தான்.

மேலே வந்தபோது மைதானம் இல்லை. இருக்கைகள், கம்பிவேலி, குளிர்பானக் கடை எதுவும் இல்லை. நாங்கள் ரயில் பார்க்கத் திரும்பி நிற்கும் இடத்தில், யாருடைய வீட்டுக் குளியல் தொட்டியோ கவிழ்ந்து கிடந்தது. கிடங்கின் மேல்பாதி பெயர்ந்து, கோதுமை தெருவெல்லாம் கொட்டிக்கிடந்தது. ஊரின் தெற்குப் பக்கம் பதினேழு வீடுகள் போயிருந்தன. அந்தப் பதினேழு வீட்டுக்காரர்களும் சைரன் கேட்டு நிலவறைக்குள் இறங்கியிருந்தார்கள். ஒருத்திக்குக் கை முறிந்தது. உயிர் எதுவும் போகவில்லை. நான் தெருவிலேயே உட்கார்ந்து, இடுப்பில் இருந்த வீட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அழுதது அதற்காக இல்லை.

நடீன் வந்துதான் சொன்னாள். புயல் எச்சரிக்கை என்று ரயில்வேக்காரர்கள் ஆறு பத்து ரயிலை முப்பது மைல் தள்ளியே நிறுத்திவைத்திருந்தார்களாம். "எங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல," என்று அவள் திட்டினாள்.

எங்கள் பக்கத்தில் மே மாதத்தில் பொழுது தாமதமாகத்தான் சாயும், எட்டரை மணிக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. பலகைகளை ஒதுக்கி, சாலையில் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தோம். தண்டவாளத்தைச் சோதித்தபடி ஒரு வண்டி முன்னால் போயிருந்தது. அதற்குப் பிறகு மேற்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொலைவில், கனமாக.

ஒரு குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. டயர் கடைப் பையன் கையிலிருந்த ஆணி டப்பாவை அப்படியே பிடித்துக்கொண்டு சர்ச் பக்கம் பார்த்தான்.

அப்போது ஹாரன் அடித்தது. இரண்டு நீளம். ஒரு குட்டை. ஒரு நீளம்.

மில் தெருவில் தடுப்புக்கட்டை எதுவும் மிச்சம் இல்லை. அதனாலோ என்னவோ ஓட்டுநர் விடாமல் அடித்தார். மறுபடி இரண்டு, ஒன்று, ஒன்று. எஞ்சின் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்துப் பக்கம் திரும்பி நின்றோம். டாயில் கையைத் தூக்கினான். ஆட்டம் இல்லை, மைதானம் இல்லை, இருந்தாலும் தூக்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"டீச்சர்," என்றான் என்னைப் பார்க்காமல். "இது என்ன?"

"ரயில்," என்றேன்.